கையை அசைக்கலாம்

டெவென்டர்
12 செப்டம்பர் 1987

அக்கா,

மின்கே பக்கத்து வீட்டுப் பூனையோடு இருக்கிறாள். அரை மணி நேரம் கிடைக்கும்.

கப்பல் ரேடியோவில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதில் நாம் பேசினால் ரைன் நதியில் போகிற பாதிப் பேர் கேட்பார்கள். தவிர, நாம் இருவரும் பேசினால் எங்கே போய் முடியும் என்று இருவருக்கும் தெரியும். எழுதுவது நல்லது.

உன் மகள் பள்ளிக்காக என்னிடம் வந்து மூன்று வாரம். காலையில் எழுந்ததும் சன்னலுக்குப் போகிறாள். தெரு நேற்றிருந்த இடத்திலேயே இருக்கிறது. கப்பலிலேயே வளர்ந்தவளுக்கு அது ஏமாற்றம்.

நீச்சல் குளங்களைப் பார்த்துவிட்டேன். நீ சொன்ன புதிய குளத்தை முதலில். அலை இயந்திரம், சறுக்குக் குழாய், வெதுவெதுப்பான தண்ணீர். வாரம் இரண்டு வகுப்பு. ஏப்ரலுக்குள் 'ஏ' நீச்சல் சான்றிதழ் என்று சுவரில் எழுதியிருந்தது. ஓர் ஆசிரியருக்கு இருபத்திரண்டு குழந்தைகள். எண்ணினேன். ஒரு குழந்தை அழுதது. வரிசை நகர்ந்தது. அழுதபடியே அதுவும் நகர்ந்தது.

பிறகு ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கும் பழைய செங்கல் குளம். வாரம் ஒரே வகுப்பு. எட்டுக் குழந்தைகள். சொல்லிக் கொடுப்பவர் பெயர் கோரி. ஐம்பது வயதிருக்கும். மரச் செருப்பு. கையில் நீண்ட கொக்கிக் கம்பு.

"எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டேன்.

"புள்ளைக்கு எவ்ளோ நாள் ஆகுமோ அவ்ளோ நாள்."

"ஜூனுக்குள்ள வேணுமே."

"யாருக்கு வேணும்?"

பெயரைக் கொடுத்துவிட்டேன். செங்கல் குளத்தில். உன்னைக் கேட்காமல்.

இதை எழுதத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் தள்ளிப்போட்டது.

யோரீன்

*

மன்ஹைம்
27 செப்டம்பர் 1987

யோரீனுக்கு,

உன் கடிதம் லோபித்தில், டீசல் ஊற்றும் படகில் எனக்காகக் காத்திருந்தது. எண்ணெய்க் கையோடு பிரித்ததில் நாலைந்து வரி அழிந்துபோயிற்று. என்னைக் கேட்காமல் செய்தாய் என்ற வரி மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

யாருக்கு வேண்டும் என்றா கேட்டார் அந்த அம்மாள்? எனக்கு வேண்டும் என்று போய்ச் சொல். போன ஆகஸ்டில் டுய்ஸ்பர்க்கில், கப்பல்கள் கடக்கும் மதகுக்கு வெளியே, மின்கே கால் வழுக்கி விழுந்தாள். இடுப்புப் பட்டையின் கயிறு பிடித்துக்கொண்டது. ஆனால் அவள் தொங்கியது கப்பலுக்கும் கரைச் சுவருக்கும் நடுவில். வீபே இஞ்சினைப் பின்னுக்குப் போட்டு நிறுத்தியபோது ஒரு முழம் இடைவெளி இருந்தது. ஒரே ஒரு முழம். கொக்கியால் தூக்கி எடுத்தான். அன்றிலிருந்து என் வீட்டுக்காரன் வீபேயிடம் ஒரே பேச்சுதான்: "நீந்தத் தெரிஞ்சா கப்பல். தெரியலேன்னா கரை. லீவுலயும் கரைதான். ஏழு வயசுப் புள்ளைக்கு அந்தப் பட்டை தாங்காது." அவன் சொல்வது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆக, ஜூனில் சான்றிதழ் வந்தால் கோடை விடுமுறை ஆறு வாரமும் என் பிள்ளை என்னோடு. வராவிட்டால் இல்லை. இதுதான் கணக்கு. நீயோ அழுத குழந்தையைப் பார்த்துவிட்டு மெதுவான குளத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய். உனக்கென்ன, நீ தத்துவம் படிப்பவள், உனக்கு நிறைய நேரம் இருக்கிறது.

இன்னொன்று. அம்மாவின் அறுபதாம் பிறந்த நாளில், கேக் வெட்டுவதற்கு முன்னால், அத்தனை பேர் எதிரில் நீ சொன்னாய்: "அக்கா புள்ளைய நாய் மாதிரி கயித்துல கட்டி வளக்குறா." இரண்டு வருடமாயிற்று. அந்தக் கயிறு இல்லாவிட்டால் உன் சன்னலில் இன்றைக்கு நிற்க யாரும் இல்லை.

கோபம் தீர்ந்தது என்று எழுத மாட்டேன். ஆனால் படகுக்காரர் பிள்ளைகளின் விடுதிக்கு அனுப்பாமல் அவளை நீ வைத்துக்கொண்டாயே, அதை நான் மறக்கவில்லை. ரொட்டியில் சாக்லேட் தூள் காலையில் மட்டும். மதியமும் கேட்பாள். கொடுக்காதே.

ஆல்ட்யே

*

டெவென்டர்
8 நவம்பர் 1987

அக்கா,

ஆறு வகுப்புகள் முடிந்தன.

பை: துண்டு இரண்டு, நீச்சல் உடை, சீப்பு, ஓர் ஆப்பிள். இதை அவளே அடுக்குகிறாள். பிரிக்கிறாள். மறுபடி அடுக்குகிறாள். புதன்கிழமை காலையில் பையோடு வாசலில் நிற்கிறாள். வகுப்பு மாலை நான்கு மணிக்கு.

இவ்வளவு ஆசை. ஆனால் தண்ணீரில் இறங்கியதும் எல்லாம் நின்றுவிடுகிறது.

மாதத்தில் ஒரு வகுப்பைத்தான் வீட்டார் பார்க்கலாம். இந்தப் புதன் பார்த்தேன். முதலில் குதித்தது அவள்தான். குதித்ததும் இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டாள். முகத்தை மேலே தூக்கினாள். அப்படியே இருந்தாள். இடுப்பில் தக்கைப் பட்டை இருந்தும் மெல்ல இறங்கினாள். தாடை. வாய்.

"கைய ஆட்டு மின்கே! கைய ஆட்டும்மா!"

ஆட்டவில்லை. கோரி டீச்சர் கம்பை நீட்டினார். கொக்கி பட்டையில் மாட்டியது. இவள் அசையாமல், பரம சந்தோஷத்தோடு மேலே வந்தாள். பக்கத்தில் இருந்த ஒருவர் சிரித்தார்: "என்னங்க, உங்க புள்ளைய மூட்டை மாதிரி ஏத்துறாங்க!"

சொட்டச் சொட்ட என்னிடம் ஓடி வந்தாள். "நல்லாத் தொங்கினேனா சித்தி?"

தொங்குவது. அது அவளுடைய சொல்.

டீச்சர் பிடிவாதம் என்கிறார். நான் பயம் என்கிறேன். ஆறு வருடம் கட்டி வைத்திருந்த உடம்பு. கோபத்தோடு எழுதவில்லை. இல்லை, கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீங்கள் இந்தப் பிள்ளைக்கு என்ன செய்தீர்கள்?

யோரீன்

*

பாசெல்
22 நவம்பர் 1987

யோரீனுக்கு,

உன் கடிதத்தை வீபேவுக்குப் படித்துக் காட்டினேன். "நல்லாத் தொங்கினேனா" வந்ததும் சுக்கானை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான். வெகு நேரம் உள்ளே வரவில்லை.

அது பிடிவாதமும் இல்லை, பயமும் இல்லை. அவள் சொன்ன பேச்சைக் கேட்கிறாள். மூன்று வயதிலிருந்து, கப்பல் கட்டி நிற்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் கயிற்றோடு தண்ணீரில் இறக்கி ஒத்திகை பார்த்திருக்கிறோம். வீபே மேலே நின்று சொல்வான்: "கைய ஒட்டி வை. கை மேல போச்சுன்னா லைஃப் ஜாக்கெட் கழண்டுரும். கால ஆட்டாத, பின்னால விசிறி சுத்துது. மொகத்த மட்டும் மேல வை. அப்பா வருவேன்." நன்றாகத் தொங்கினால் ஒரு கருப்பு மிட்டாய். டுய்ஸ்பர்க்கில் அந்த ஒரு முழத்துக்குள் அவள் பிழைத்தது அசையாமல் தொங்கியதால்தான்.

குளத்தில் இது ஆகாது என்று எங்களுக்கு ஏன் தோன்றவில்லை? சொல்கிறேன், கோரி அம்மாளிடம் சொல்லிவிடாதே. எங்கள் இரண்டு பேருக்கும் நீந்தத் தெரியாது. நான் காது வலி என்று இரண்டாம் நீச்சல் வகுப்போடு ஓடி வந்தவள், உனக்கே தெரியும். வீபே எந்த வகுப்புக்கும் போனதில்லை. தண்ணீரில் விழுந்தவர் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தோம்.

நீ சொன்னால் அவள் மாற்றிக்கொள்ள மாட்டாள். நான் சொன்னாலும்தான். கப்பலில் உத்தரவு கேப்டனுடையது. அதனால் ஒரு தனித்தாள் வைத்திருக்கிறேன். வீபே சாப்பாட்டை ஆறவிட்டு எழுதியது. சரக்குச் சீட்டில் குத்துகிற முத்திரையையும் குத்தியிருக்கிறான். அவளுக்குப் படித்துக் காட்டு.

ஆல்ட்யே

(தனித்தாள்)

'ஃபோகெலினா' கப்பல், பாசெல் துறைமுகம்.
மாலுமி மின்கேவுக்கு உத்தரவு.
செங்கல் குளத்தில் கயிறு கிடையாது. விசிறியும் கிடையாது. ஆகையால் பழைய உத்தரவு அங்கே செல்லாது. கையை அசைக்கலாம். காலையும் அசைக்கலாம். எவ்வளவு வேண்டுமானாலும் அசைக்கலாம். அங்கே கோரி டீச்சர் சொல்வதே உத்தரவு.
கேப்டன் வீபே (அப்பா)

*

டெவென்டர்
13 டிசம்பர் 1987

அக்கா,

படித்துக் காட்டினேன். முத்திரையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது நெசமாவே அப்பா உத்தரவா?"

"நெசமாவே."

"அப்ப சரி."

புதன்கிழமை தாளை எடுத்துப்போய் அவளே டீச்சரிடம் நீட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டு, நின்றபடியே, இரண்டு தடவை படித்தார். பிறகு மரச் செருப்பை ஒன்றோடொன்று தட்டி ஒரு சல்யூட் வைத்தார். "சரிங்க மாலுமி. எறங்குங்க."

கை அசைந்தது. முதலில் விரல்கள் மட்டும் என்று டீச்சர் சொன்னார். அனுமதி உண்மைதானா என்று பார்ப்பதுபோல. அடுத்த வாரம் முழங்கை. இந்த வாரம் ஒரு தக்கையைக் கழற்றிவிட்டார்கள்.

வகுப்பு முடிந்ததும் டீச்சர் எல்லாக் குழந்தைகளுக்கும் முன்னால் குனிந்து அவளிடம் சொன்னார்: "உன்னைப் பிடிவாதம் புடிச்சவன்னு திட்டிட்டேன். தப்பு என் மேல." மின்கே, "பரவால்ல டீச்சர், உங்களுக்குத் தெரியாதுல்ல" என்றாள்.

எனக்கும் தெரியாது. நாய் என்று சொன்னேன். ஒரு முழம் என்று நீ எழுதியதைப் படித்த பிறகு அந்தச் சொல்லை என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மன்னித்துவிடு. விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை.

புதன்கிழமைகளில் ஈரத் தலையோடு நடந்து வருகிறோம். மூலைக் கடையில் ஒரு கூம்பு உருளைக்கிழங்கு வறுவல், மயோனைஸ், இருவருக்கும் சேர்த்து. தெருவைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். நான் கேட்பதில்லை. அவளாகவே. நான் இருபத்தாறு வயது வரை புத்தகங்களோடு மட்டும் நடந்தவள். இதை எனக்குத் தந்தது நீ. நீ தர விரும்பித் தரவில்லை. எனக்குத் தெரியும். இருந்தாலும் நன்றி.

யோரீன்

*

கோப்லென்ஸ்
20 மார்ச் 1988

யோரீனுக்கு,

நதி பெருகிக் கிடக்கிறது. எட்டு நாளாகக் கட்டிப்போட்டிருக்கிறோம். வீபே சும்மா இருக்க முடியாமல் மின்கேயின் படுக்கைப் பலகைக்கு வண்ணம் அடிக்கிறான். நீலம். இரண்டாவது பூச்சு.

பரீட்சைக்கான உடைப் பட்டியல் வந்தது. முழுக்கால் சட்டை, முழுக்கைச் சட்டை, மெல்லிய அடி வைத்த ஷூ. சேர்த்து அனுப்பியிருக்கிறேன். ஷூவை ஒரு தடவை நனைத்துக் காயவை, இல்லாவிட்டால் கடிக்கும். துணியோடு நீந்தினால்தான் சான்றிதழ் என்பது இந்த நாட்டில் எனக்குப் பிடித்த சட்டம். நீச்சல் உடை போட்டுக்கொண்டு வாய்க்காலில் விழுகிற ஆள் யாரையும் நான் பார்த்ததில்லை.

உன் கடிதத்தின் கடைசியில் ஒன்று எழுதியிருக்கிறாயே, தண்ணீருக்கு அடியில் ஒரு தார்ப்பாயைத் தொங்கவிட்டு, அதன் ஓட்டை வழியாக நீந்தி அந்தப் பக்கம் வர வேண்டும் என்று. அது எதற்கு? அதைப் படித்த பிறகு நானே மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.

இன்னும் பதிமூன்று வாரம். மெதுவான குளம் என்று சொன்னேன். கொஞ்சம் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். முழுவதும் இல்லை.

ஆல்ட்யே

*

டெவென்டர்
29 மே 1988

அக்கா,

ஜூன் பரீட்சைப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். இரண்டு நாளாக வேறு முதல் வரிகளை எழுதிக் கிழித்தேன்.

தவளை நீச்சல் வருகிறது. மல்லாந்தும் வருகிறது. ஷூவோடு ஒரு நீளம் முழுவதும் வருகிறாள். தார்ப்பாய் மட்டும்தான். மூழ்குகிறாள், கண்ணைத் திறக்கிறாள், ஓட்டையின் விளிம்பைத் தொடுகிறாள். திரும்பி வந்துவிடுகிறாள். ஒன்பது தடவை.

"அந்தப் பக்கம் யாரு இருப்பாங்க?" என்று கேட்டாள்.

"யாரும் இருக்க வேண்டாம்டா. நீயே வருவே."

யோசித்தாள். "கப்பல்ல எப்பவும் மேல யாராவது இருப்பாங்க."

கோரி டீச்சர் தள்ளிவிட மறுக்கிறார். "இன்னிக்குத் தள்ளுனா போயிருவா. ஆனா நாளைக்கு வாய்க்கால்ல யாரு தள்ளுவா?" கோடையில் தினசரி வகுப்பு உண்டு. ஆகஸ்டில் இன்னொரு பரீட்சை. அதற்குள் விடுமுறை ஏறக்குறைய முடிந்துவிடும்.

புதிய குளம் என்றால் ஏப்ரலிலேயே சான்றிதழ் வந்திருக்கும். அந்தத் தேர்வு என்னுடையது. உன் கோடையை நான் எடுத்துக்கொண்டேன்.

யோரீன்

*

லோபித்
5 ஜூன் 1988

யோரீன்,

டீசல் படகிலேயே நின்று படித்தேன். அந்த ஆள், "யாராவது தவறிட்டாங்களா அக்கா?" என்று கேட்டான். இல்லை என்றேன்.

உன் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தள்ளினால் போவாள் என்பது உண்மை. தள்ளாத இடத்தில் அவளைச் சேர்த்திருக்கிறாய். அந்தக் காகிதம் கையில் இருந்து, என் பிள்ளை தளத்தில் ஓடி, ஒருநாள் தண்ணீருக்குள் பாதியில் திரும்பி நின்றால்? நன்றி, யோரீன். கோடையைவிட அது பெரியது என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். பகலில் நம்புகிறேன்.

வீபேயிடம் கேட்டேன். "நான் ஆறு வாரம் கரைக்குப் போறேன். புள்ளையோட இருக்கேன்."

"போ. ஆனா முன்னால கயிறு போட யாரு? சட்டப்படி ரெண்டு பேர் வேணும். கோடைல ஒரு கூலி ஆள் கெடைக்க மாட்டான்."

மூன்று துறைமுகத்தில் விசாரித்தான். உண்மையாகவே விசாரித்தான். கிடைக்கவில்லை. கப்பல் நின்றால் சரக்கு வேறு ஆளுக்குப் போய்விடும். ஆக நான் இங்கேயே. அவளிடம் நீ சொல்லிவிடு. என் கடிதத்தில் வேண்டாம், உன் வாயால். நீ நன்றாகச் சொல்வாய்.

ஆல்ட்யே

*

டெவென்டர்
9 ஜூன் 1988

அக்கா,

நான் அவளிடம் சொல்லவில்லை.

நான் வருகிறேன். உன் இடத்துக்கு. பள்ளி மூடிய மறுநாள் ஸுட்ஃபன் பாலத்துக்கு அருகில் நீ இறங்கு, நான் ஏறுகிறேன். வீட்டுச் சாவி பால்காரர் பெட்டியில். ஆய்வேடு எங்கே இருந்தாலும் எழுதப்படாமல்தான் இருக்கும்.

எனக்கு முடிச்சுப் போடத் தெரியாது. சமைக்கத் தெரியாது. அதிகாலையில் பேசத் தெரியாது. நீந்தத் தெரியும்.

வீபே என்ன சொல்வார்?

யோரீன்

*

'ஃபோகெலினா', கார்ல்ஸ்ரூகே அருகில்
7 ஆகஸ்ட் 1988

அக்கா,

வீபே சொன்னது: "படிச்ச பொண்ணு. ரெண்டு கை இருக்கு. பாப்போம்." இரண்டாவது வாரத்தில்: "ரெண்டு கையும் எடதா?" நேற்று மதகில் கயிறு முதல் வீச்சிலேயே கரை முளையில் விழுந்தது. மதியம் எனக்கு அவர் வைத்தது இரண்டு முட்டை.

நீ பதினோரு வருடம் செய்த வேலையை மூன்று வாரம் செய்து பார்த்ததில் என் உள்ளங்கை பேனா பிடிக்க மறுக்கிறது. கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

டுய்ஸ்பர்க்கைக் கடந்தோம். வீபே இஞ்சினை மெதுவாக்கி, கையால் ஓர் இடத்தைக் காட்டினார். சுவரில் ஒன்றும் இல்லை. பாசி. நான் விளிம்பில் நின்று கீழே பார்த்தேன். கறுப்புத் தண்ணீர், சுவர், எங்கள் இரும்பு. எனக்கு நீந்தத் தெரியும். அங்கே அது எதற்கும் உதவாது. இதை வகுப்பில் உட்கார்ந்து நான் ஒருநாளும் புரிந்துகொண்டிருக்க மாட்டேன்.

நீலப் படுக்கையில் தூங்குகிறேன். கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நன்றாகத் தூங்குகிறேன்.

தார்ப்பாய் என்ன ஆயிற்று? அவர் கேட்க மாட்டார். தினமும் "தபால் உண்டா?" என்று மட்டும் கேட்கிறார்.

யோரீன்

*

டெவென்டர்
21 ஆகஸ்ட் 1988

யோரீன்,

முதலில் வீபேயிடம் சொல்: தேறிவிட்டாள். சொல்லிவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

ஐந்து வாரமும் காலை ஒன்பது மணிக்கு அந்தக் குளம். வீட்டார் உள்ளே வரக் கூடாது என்ற சட்டத்தைக் கோரி அம்மாள் எனக்காகத் தளர்த்தவே இல்லை. வெளியே சைக்கிள்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உன் வீடு அசையாமல் நிற்கிறது, முதல் வாரம் எனக்குத் தலை சுற்றியது. ஒருநாள் அந்த அம்மாள் வெளியே வந்தார். "பெரியவங்களுக்குச் செவ்வாய்க்கிழமை பாடம் உண்டு. சும்மா உக்காந்து என் செவுத்தைத் தேய்க்கிறதுக்கு, எறங்கலாம்ல?" இறங்கினேன். சிரிக்காதே. முப்பத்தைந்து வயதில் இடுப்பில் நாலு தக்கை. மின்கே அடக்க முடியாமல் சிரித்தாள். "அம்மா, தண்ணியக் குடிக்காத, நீந்து!"

நேற்று பரீட்சை. அரங்கம் நிறைய ஆட்கள், பூங்கொத்துகள். அவள் ஒருநாள் கேட்டாளாமே, அந்தப் பக்கம் யாரு இருப்பாங்க என்று. நான் விடியற்காலையிலேயே முடிவு செய்திருந்தேன். சீக்கிரம் போய், கூட்டத்தைத் தள்ளி, தார்ப்பாய்க்கு அந்தப் பக்கத்து ஓரத்தில் முதல் இடத்தைப் பிடித்து உட்கார்ந்தேன்.

தவறான பக்கம். இந்தத் தடவை எதிர் முனையிலிருந்து தொடங்கினார்கள். என் பிள்ளை என் காலடியிலிருந்து குதித்தாள். ஷூவோடு, சட்டையோடு. நான் வாயைத் திறப்பதற்குள் மூழ்கிவிட்டாள். தண்ணீருக்குள் அவள் முதுகு தெரிந்தது. தார்ப்பாயை நோக்கி, என்னை விட்டு விலகிப் போயிற்று. விளிம்பில் நின்றாள். சத்தியமாக நின்றாள், நான் பார்த்தேன். ஒன்று, இரண்டு. பிறகு கால்கள் உள்ளே போயின. கடைசியாக இரண்டு ஷூ.

அந்தப் பக்கம் எழுந்தாள். அங்கே அவளுக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அவள் தேடவும் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவர்வரை நீந்திப் போனாள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் என் தோளைத் தொட்டு, "உங்க பொண்ணாங்க?" என்றாள். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில், "சித்திக்கு நன்றி எழுதணும், நீ என்ன எழுதப் போறே?" என்று கேட்டேன்.

"நீ எழுதும்மா. நீ இன்னும் சரியாச் சொல்லவே இல்லேல்ல. நான் கூட இருந்தப்பவே சொல்லிட்டேன்."

சரியாகத்தான் சொல்கிறாள். வருடம் முழுக்க நான் உனக்கு நன்றியை அரை வரியில் எழுதி, அடுத்த வரியில் சாக்லேட் தூளைப் பற்றிப் பேசியிருக்கிறேன். நீ என் பிள்ளையை வளர்த்தாய். அவசரப்படாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்தாய். என்னைக் கேட்டிருந்தால் நான் கெடுத்திருப்பேன். பிறகு உன் இரண்டு இடது கைகளோடு வந்து என் வேலையைச் செய்தாய், நான் சைக்கிள்களுக்குப் பக்கத்தில் உட்காருவதற்காக. நன்றி, யோரீன். இந்த வரிக்குப் பிறகு வேறு எதுவும் சேர்க்கவில்லை.

பள்ளி திறக்க எட்டு நாள் இருக்கிறது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஸுட்ஃபன் பாலத்துக்கு அருகில் நானும் அவளும் நிற்போம். படுக்கை மூன்றுதான், நாங்கள் சமாளித்துக்கொள்வோம். வீபேயிடம் வேகத்தைக் குறைக்கச் சொல். கயிற்றை நீயே வீசு, நான் பார்க்க வேண்டும்.

பையைக் கட்டிக்கொண்டு தயாராக நிற்காதே. நாங்கள் ஏறுகிறோம். நீ இறங்க வேண்டாம்.

அக்கா